ஐஎல்எஸ் முள் கடைசி மைலில் ஏன் துள்ளுகிறது: சிமுலேட்டரில் உணர்திறனைச் சரிபார்ப்பது எப்படி

விமான சிமுலேட்டரில் ஐஎல்எஸ் (ரேடியோ சமிக்ஞையால் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டும் தரையிறக்க அமைப்பு) பழகுபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: ஓடுபாதைக்குப் பத்து மைல் முன்னால் ஆடாமல் நின்ற முள், கடைசி இரண்டு மைலில் இடம் வலமாகவும் மேல் கீழாகவும் பாய்கிறது. கேஜ் (முள்ளைத் திரையில் வரையும் கருவி நிரல்) எழுதுபவர்கள் இதற்குக் கையாளும் மருந்து, முள்ளின் விலகலை 0.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி மந்தமாக்குவது. முள் அடங்கிவிடும். ஆனால் 200 அடி உயரத்தில் மேகத்தை விட்டு வெளியே வரும்போது ஓடுபாதை எதிரே இருக்காது, ஓரமாக இருக்கும். முள்ளில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: கோணத்தின் அகலம், அது எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது, அந்த விலகலுக்கு விமானியோ ஆட்டோபைலட்டோ எப்படி எதிர்வினை செய்கிறார்கள்.

முள் மீட்டரைக் காட்டுவதில்லை, கோணத்தைக் காட்டுகிறது. இடம், வலம் விலகலைச் சொல்லும் லோக்கலைசர் 108.10 முதல் 111.95 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் இரண்டு ஒலிகளை ஏற்றி அனுப்புகிறது: 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ். நெருங்கி வரும் விமானிக்கு மையக்கோட்டின் இடப்புறம் 90 ஓங்கியிருக்கும், வலப்புறம் 150. இறங்கும் பாதையைச் சொல்லும் கிளைட்ஸ்லோப் 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் இதையே மேல், கீழாகச் செய்கிறது. பாதைக்கு மேலே 90, கீழே 150. இரண்டு ஒலிகளின் பண்பேற்ற ஆழத்துக்கு இடையிலான வித்தியாசம்தான் டிடிஎம். லோக்கலைசரில் டிடிஎம் 0.155 ஆகும்போதும், கிளைட்ஸ்லோப்பில் 0.175 ஆகும்போதும் முள்ளை நகர்த்தும் கருவிக்கு 150 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் போகிறது. முழு விலகல் என்பது அதுதான்.

அந்த 0.155 எத்தனை டிகிரியில் வருகிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 'ஐஎல்எஸ் என்றால் இருபுறமும் 2.5 டிகிரி' என்பது பாடப்புத்தகத்துச் சராசரி. பல சிமுலேட்டர் கேஜ்களின் பிழை இங்கேதான் தொடங்குகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி லோக்கலைசரின் உணர்திறன் ஓடுபாதை முனையில், அதாவது த்ரெஷோல்டில், ஒரு மீட்டர் விலகலுக்கு 0.00145 டிடிஎம். 0.155ஐ இதனால் வகுத்தால் 107 மீட்டர். ஓடுபாதை நீளமோ குட்டையோ, த்ரெஷோல்டில் மையக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 107 மீட்டர் விலகினால் முள் ஓரத்தைத் தொட வேண்டும். லோக்கலைசர் ஆண்டெனா இருப்பதோ ஓடுபாதையின் மறுகோடிக்கு அப்பால், பொதுவாக 300 மீட்டர் தள்ளி. ஆகவே ஓடுபாதை நீள நீளக் கோணம் குறுக வேண்டும்.

3000 மீட்டர் ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். ஆண்டெனாவுக்கும் த்ரெஷோல்டுக்கும் இடையே 3300 மீட்டர். 107ஐ 3300ஆல் வகுத்து ஆர்க்டேன் எடுத்தால் 1.86 டிகிரி. 2000 மீட்டர் ஓடுபாதைக்கு 2.66 டிகிரி. மொத்த அகலம் 6 டிகிரியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு. அதனால் ஆண்டெனாவுக்கும் த்ரெஷோல்டுக்கும் இடையே 2040 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் கோணம் இருபுறமும் 3 டிகிரியிலேயே நின்றுவிடும்.

நிலையான 2.5 டிகிரியை வைத்துக்கொண்ட சிமுலேட்டரில் 3000 மீட்டர் ஓடுபாதையின் த்ரெஷோல்டில் முழு விலகல் 144 மீட்டர். அதாவது முள் உண்மையானதைவிட நான்கில் ஒரு பங்கு மந்தம். அதே கேஜ் 2000 மீட்டர் ஓடுபாதையில் 100 மீட்டர் காட்டும். அங்கே அது சற்றுக் கூர்மை. 'இந்த விமான நிலையத்தில் மட்டும் முள் மோசம்' என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

கிளைட்ஸ்லோப்புக்கு இப்படித் தைத்துக் கொடுக்கும் அகலம் இல்லை. பாதைக் கோணத்தில் 0.24 பங்குதான் முழு விலகல். 3 டிகிரிப் பாதைக்கு மேலும் கீழும் 0.72 டிகிரி. ஆண்டெனா த்ரெஷோல்டைத் தாண்டி ஏறத்தாழ 290 மீட்டர் உள்ளே இருந்தால் பாதை த்ரெஷோல்டை 50 அடி உயரத்தில் கடக்கும். இந்த இரண்டு கணக்கையும், 3000 மீட்டர் ஓடுபாதைக்கு, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்:

| த்ரெஷோல்டிலிருந்து | லோக்கலைசர் முழு விலகல் | கிளைட்ஸ்லோப் முழு விலகல் |
|---|---|---|
| 10 கடல் மைல் | 707 மீ | 237 மீ (778 அடி) |
| 5 கடல் மைல் | 407 மீ | 120 மீ (395 அடி) |
| 1 கடல் மைல் | 167 மீ | 27 மீ (89 அடி) |
| 200 அடி உயரம் | 135 மீ | 14.6 மீ (48 அடி) |
| த்ரெஷோல்டு | 107 மீ | 3.7 மீ (12 அடி) |

பத்து மைலிலிருந்து த்ரெஷோல்டு வருவதற்குள் லோக்கலைசர் முள்ளின் கூர்மை ஆறரை மடங்குதான் ஏறுகிறது, ஏனென்றால் ஆண்டெனா இன்னும் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கிளைட்ஸ்லோப்போ 200 அடி உயரத்துக்குள்ளேயே 16 மடங்கு, த்ரெஷோல்டில் 65 மடங்கு. கடைசி மைலில் துள்ளுவது பெரும்பாலும் கிளைட்ஸ்லோப்பைக் காட்டும் கிடைமட்ட முள்தான். அது துள்ளத்தான் வேண்டும். அதை மெழுகிவிட்ட சிமுலேட்டர் பழகுவதற்கு இனிமையாக இருக்கலாம், பயிற்சிக்கு உதவாது.

புள்ளிகளை வைத்துப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. பழைய வட்ட கேஜில் ஒரு பக்கத்துக்கு ஐந்து புள்ளி, எச்எஸ்ஐயிலும் (திசைகாட்டியோடு முள்ளையும் சேர்த்துக் காட்டும் கருவி) நவீன விமானங்களின் கண்ணாடித் திரைகளிலும் இரண்டு புள்ளி. முழு விலகல் இரண்டிலும் ஒன்றே. '1 புள்ளி விலகல்' என்பது முதலாவதில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் சரிபாதி. ஓடுபாதையை நிலையாக நெருங்கி வருவதற்கு 'ஒரு புள்ளிக்குள்' என்று சொல்லப்படும் வரம்பு இரண்டு புள்ளித் திரைக்கானது. 1000 அடி உயரத்தில் கிளைட்ஸ்லோப்பில் அந்த ஒரு புள்ளி 120 அடி. 200 அடி உயரத்தில் 24 அடி.

கேஜுக்குள் நடக்கும் அலகுக் குழப்பம்

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நேவ் சிடிஐ என்ற மாறி −127 முதல் +127 வரை போகிறது. நேவ் ஜிஎஸ்ஐயோ −119 முதல் +119 வரை. இரண்டையும் 127ஆல் வகுத்துவிட்டால் கிடைமட்ட முள் ஓரத்தைத் தொடாமல் 94 சதவீதத்திலேயே நின்றுவிடும். சிறிய பிழைதான், ஆனால் முழு விலகலை வைத்து 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மீண்டும் மேலேறுவது) முடிவெடுக்கும் தர்க்கம் எழுதியிருந்தால் அது ஒருபோதும் இயங்காது. எக்ஸ்-பிளேன் புள்ளிகளில் தருகிறது, முழு விலகல் 2.5 புள்ளி. இரண்டு புள்ளி வரைந்த கேஜில் அந்த எண்ணை அப்படியே பொருத்தினால் முள் 25 சதவீதம் கூர்மையாகிவிடும், 0.8ஆல் பெருக்க வேண்டும். ஃபிளைட்கியரில் −1 முதல் +1 வரை இயல்பாக்கிய மதிப்பு தனியே கிடைக்கிறது. புதிதாகக் கேஜ் எழுதுபவர் அதை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. எந்த சிமுலேட்டராக இருந்தாலும் முதலில் எல்லாவற்றையும் −1, +1க்குள் கொண்டுவந்து, படம் வரையும் கடைசிப் படியில் மட்டும் பிக்ஸலாக மாற்றுவது நல்லது.

இன்னொன்று, விஓஆர் (ஒரு நிலையத்திலிருந்து திசை காட்டும் வேறொரு ரேடியோ வழிகாட்டி) கணக்கை அப்படியே ஐஎல்எஸுக்கும் ஓட்டுவது. விஓஆரில் முழு விலகல் 10 டிகிரி. ஐஎல்எஸ் அலைவரிசை வந்ததும் மாறாத கேஜில் முள் நான்கு, ஐந்து மடங்கு சோம்பேறியாக இருக்கும். விஓஆரில் வேண்டிய திசையைத் தேர்ந்தெடுக்கும் ஓபிஎஸ் குமிழைத் திருப்பினால் ஐஎல்எஸ் முள் நகர்கிறது என்றால், அந்தப் பிழை இருப்பதற்கு அதுவே சாட்சி. ஐஎல்எஸில் குமிழுக்கு வேலை இல்லை. எச்எஸ்ஐயில் மட்டும் கோர்ஸ் (ஓடுபாதையை நெருங்கும் திசை) அம்பை முன்பக்கக் கோர்ஸில் வைக்க வேண்டும், இல்லையெனில் படம் தலைகீழாகத் தெரியும்.

வடக்கு நோக்கிய ஓடுபாதைகளில் மட்டும் முள் திடீரென ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டால், 359.5 டிகிரியிலிருந்து 0.3ஐக் கழிக்கும் இடத்தைத் தேடுங்கள். வித்தியாசத்தை −180, +180க்குள் மடக்காமல் விட்டிருப்பார்கள்.

எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம்

அகலம் சரியாக இருந்தும் முள் தவறாக நிற்பதுண்டு. அப்போது குற்றவாளி ஆண்டெனாவின் இடம், கோர்ஸின் திசை, அல்லது விமானத்தின் குறிப்புப் புள்ளி.

வரைபடத்தில் அச்சிட்ட முழு டிகிரிக் கோர்ஸை, காந்த விலக்கத்தைக் கூட்டி, நேரடியாகப் பயன்படுத்தும் கோப்புகள் இருக்கின்றன. அரை டிகிரி முழுதாக்கல் பிழை போதும். ஆண்டெனாவைச் சுற்றிக் கற்றை சுழன்றுவிடும். 3300 மீட்டரில் அது 29 மீட்டர் பிழை. 45 மீட்டர் அகல ஓடுபாதையில் மையத்திலிருந்து விளிம்புக்கு 22.5 மீட்டர்தான். முள் நடுவில் நிற்க, விமானம் புல்லில் இறங்கும். கோர்ஸை எப்போதும் த்ரெஷோல்டு, மறுமுனை ஆகிய இரண்டின் ஆயத்தொலைவுகளிலிருந்தே உண்மை வடக்கை வைத்துக் கணக்கிடுங்கள். வேண்டுமென்றே சாய்த்து நிறுவிய லோக்கலைசர்கள் மட்டும் விலக்கு.

கிளைட்ஸ்லோப் இதைவிடப் பொல்லாதது. த்ரெஷோல்டில் முழு விலகல் 3.7 மீட்டர் என்று பார்த்தோம். சிமுலேட்டர் விமானத்தின் ஈர்ப்பு மையத்தையே குறிப்புப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. உண்மை விமானத்தின் கிளைட்ஸ்லோப் ஆண்டெனா மூக்கில் இருக்கும். பெரிய விமானத்தில் இந்த இரண்டுக்கும், சக்கரத்துக்கும் இடையே சில மீட்டர் உயர வித்தியாசம் உண்டு. பத்து மைலில் அது கண்ணுக்கே தெரியாது. முனையில் அரை அளவுகோலையும் தின்றுவிடும். விமான நிலையத்தின் தரை உயரத்தைத் திருத்தும் காட்சித் தொகுப்புகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஓடுபாதை 5 மீட்டர் உயர்ந்துவிடும், வழிகாட்டிக் கோப்பில் ஆண்டெனாவின் உயரம் பழையபடியே கிடக்கும். 200 அடி உயரத்தில் அந்த 5 மீட்டர் முழு விலகலில் மூன்றில் ஒரு பங்கு.

ஆண்டெனா ஓடுபாதையின் ஓரத்தில், மையக்கோட்டிலிருந்து சுமார் 120 மீட்டர் தள்ளி இருப்பதையும் மறக்கக்கூடாது. சிமுலேட்டர் விமானத்துக்கும் ஆண்டெனாவுக்கும் இடையிலான நேரடித் தொலைவை எடுத்தால், த்ரெஷோல்டில் 290க்குப் பதில் 315 மீட்டர் வரும். 50 அடி உயரத்தில் சரியாக வரும் விமானத்துக்குக் கோணம் 2.77 டிகிரியாகி, முள் 'நீ தாழ்ந்திருக்கிறாய்' என்று மூன்றில் ஒரு பங்கு மேலே ஏறும். விமானி மூக்கைத் தூக்குவார், விமானம் மிதக்கும். ஓடுபாதை அச்சின் நீளவாட்டுத் தொலைவை மட்டும் எடுத்தால் இந்த வளைவு மறையும். எது சரி என்பதில் வாதம் உண்டு, ஏனென்றால் உண்மைக் கற்றையும் மிக அருகில் நேர்க்கோடாக இருப்பதில்லை. நடைமுறைக்கு நீளவாட்டுத் தொலைவே தொந்தரவு குறைந்தது.

தொலைவில் வரும் பிழை வேறு. உயர வித்தியாசத்தைத் தரைத் தொலைவால் வகுத்துக் கோணம் எடுத்தால் பூமியின் வளைவு விட்டுப்போகிறது. பத்து மைலில் வளைவு 28 மீட்டர், ஏறத்தாழ 0.08 டிகிரி, முழு விலகலில் எட்டில் ஒன்று. தட்டையான கணக்கில் பறக்கும் விமானம் அந்த அளவு தாழ்ந்து வரும். அருகே வரவர இது தானே கரைந்துவிடுவதால் பலரும் கவனிப்பதில்லை.

பிழையைப் பிடிக்கும் சோதனை

பறந்து பார்த்துச் சோதிக்க வேண்டாம். காற்றும் கையும் கலந்துவிடும். சிமுலேட்டரை நிறுத்திவைத்து, விமானத்தைக் குறித்த இடத்தில் வைத்து முள்ளைப் படியுங்கள். முதலில் மையக்கோட்டிலேயே 10, 5, 1 மைல், த்ரெஷோல்டு. நான்கிலும் முள் நடுவில் நிற்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகினால் கோர்ஸின் திசை தவறு. நெருங்க நெருங்க விலகல் வளர்ந்தால் ஆண்டெனா பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. அடுத்து த்ரெஷோல்டில் வலப்புறம் 53 மீட்டர், 10 மைலில் வலப்புறம் 353 மீட்டர் நகர்த்துங்கள். இரண்டிலும் முள் இடப்புறம் சரிபாதி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் தவறினால் கோண அகலம் தவறு. த்ரெஷோல்டில் சரியாக இருந்து தொலைவில் மட்டும் தவறினால், ஆண்டெனாவை ஓடுபாதையின் நீளவாட்டில் தவறான இடத்தில் வைத்து, அகலத்தை அதற்கேற்ப யாரோ இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

கிளைட்ஸ்லோப்புக்கும் இதே வழி: 3 டிகிரிக் கோட்டில் வைத்துப் பார்க்க, மாறாத விலகல் என்றால் பாதைக் கோணம் தவறு, அருகே வளர்ந்தால் உயரம் தவறு, தொலைவில் மட்டும் என்றால் வளைவு.

இந்தச் சோதனையில் முள் தேறிவிட்டால் அதைத் தொடக்கூடாது. இனி சரிசெய்ய வேண்டியது அதைப் பின்தொடர்பவரை.

ஆட்டோபைலட் ஏன் ஆடுகிறது

சிமுலேட்டர் ஆட்டோபைலட்டுகள் பெரும்பாலும் முள்ளின் விலகலை ஓர் எண்ணால் பெருக்கித் திசைத் திருத்தமாகவோ சாய்வாகவோ மாற்றுகின்றன. எட்டு மைலில் அழகாக ஓடும்படி அந்த எண்ணை அமைத்தால் ஒரு மைலில் விமானம் பாம்பாக நெளியும். ஒரு மைலில் அடங்கும்படி அமைத்தால் எட்டு மைலில் கோட்டைப் பிடிக்கவே அரை மணி ஆகும்போல் தோன்றும். உண்மை ஆட்டோபைலட்டுகள் இதனால்தான் ரேடியோ உயரத்தையோ தொலைவையோ வைத்து ஆதாயத்தை, அதாவது அந்தப் பெருக்கும் எண்ணை, குறைத்துக்கொண்டே வருகின்றன.

செய்ய வேண்டியது எளிது: இயல்பாக்கிய விலகலை அந்த இடத்தின் முழு விலகல் மீட்டரால் பெருக்கி, மீட்டராக மாற்றிவிட்டுக் கட்டுப்பாட்டுக்குக் கொடுங்கள். டிஎம்இ (தொலைவு காட்டும் ரேடியோ கருவி) இல்லையென்றால் ரேடியோ உயரத்தை 0.0524ஆல் வகுத்தால் கிளைட்ஸ்லோப் ஆண்டெனாவுக்கான தொலைவு கிடைக்கும். ஓடுபாதைக்கு முன்னால் பள்ளத்தாக்கு இருந்தால் இந்த மதிப்பு குதிக்கும். அதனால் தொலைவு குறையலாமே தவிரக் கூடக்கூடாது என்று பூட்டிவிடுவது பாதுகாப்பு.

மையக்கோட்டைப் பிடிக்கும் தருணமும் அப்படியே. 140 நாட் வேகத்தில், 30 டிகிரி வெட்டுக் கோணத்தில் வந்து, நொடிக்கு 3 டிகிரி திரும்பினால், திருப்பத்துக்கு 184 மீட்டர் பக்கவாட்டு இடம் வேண்டும். பத்து மைலில் அது முழு விலகலில் நான்கில் ஒன்று, இரண்டு மைலில் ஐந்தில் நான்கு. 'முள் ஒரு புள்ளிக்கு வந்ததும் திரும்பு' என்று எழுதிய தர்க்கம் ஓரிடத்தில் முந்தித் திரும்பும், மற்ற இடத்தில் கோட்டைத் தாண்டி ஓடும். முள் நகரும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரிவரும்.

வகைக்கெழு உறுப்பை (விலகல் மாறும் வேகத்தை) முள்ளிலிருந்தே எடுக்க வேண்டாம். சட்டகத்துக்குச் சட்டகம் (ஃபிரேமுக்கு ஃபிரேம்) வரும் சிறு நடுக்கத்தை அது பெரிதாக்கும். தரைமீது விமானம் போகும் திசைக்கும் கோர்ஸுக்கும் உள்ள வித்தியாசமே பக்கவாட்டு வேகத்தைச் சொல்லிவிடுகிறது, அதுவும் சுத்தமாக. முள்ளுக்கு வடிகட்டி வேண்டுமென்றால் அரை நொடிக்குள் நிறுத்துங்கள். இரண்டு நொடி வடிகட்டி போட்டு 'முள் மென்மையாகிவிட்டது' என்று மகிழ்பவர், ஆட்டத்தின் காரணத்தைத்தான் கூட்டியிருக்கிறார். தாமதம் ஏறினால் ஊசல் ஏறும். தொகையீட்டு உறுப்பை (பிழையைக் கூட்டிச் சேர்த்துவரும் பகுதியை) கோட்டைப் பிடித்த கணத்தில் பூஜ்யமாக்க மறந்தால், வெட்டுக் கோணத்தில் வந்தபோது சேர்ந்த பிழை முழுவதும் அடுத்த இரண்டு மைலுக்கு விமானத்தை ஒருபக்கம் தள்ளும்.

கையால் ஓட்டும்போது

இதே கணக்கு விமானியின் கைக்கும் பொருந்தும். 140 நாட்டில் 5 டிகிரித் திசைப் பிழை நொடிக்கு 6.3 மீட்டர் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு புள்ளித் திரையில் ஒரு புள்ளி நகர, பத்து மைலில் ஒரு நிமிடம் ஆகும். 200 அடி உயரத்தில் பதினொரு நொடி. இறங்கும் வீதத்தில் நிமிடத்துக்கு 100 அடி பிழை, பத்து மைலில் ஒரு புள்ளிக்கு நான்கு நிமிடம் எடுக்கும், 200 அடி உயரத்தில் பதினான்கு நொடி. ஆகவே தொலைவில் 10 டிகிரித் திருத்தம் தகும்; ஐந்து மைலுக்குள் 5 டிகிரி, கடைசி இரண்டு மைலில் 2 டிகிரி. ஜாய்ஸ்டிக்கில் 2 டிகிரி திருப்புவது கடினம் என்பது உண்மைதான். குச்சியின் நடுப்பகுதியைத் தட்டையாக்கும் உள்ளீட்டு வளைவு அதற்காகவே இருக்கிறது. முள்ளின் உணர்திறனைக் குறைப்பதைவிட அதைத் தொடுவது நியாயம்.

முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். அரைப்புள்ளி விலகி அசையாமல் நிற்கும் முள்ளுக்குச் சிறு திருத்தம் போதும். நடுவைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கும் முள்தான் அவசரம்.

சிமுலேட்டர்கள் பெரும்பாலும் காட்டாத ஒன்றும் இருக்கிறது. 3 டிகிரிப் பாதையை உண்டாக்கும் ஆண்டெனா அமைப்பு 9 டிகிரியில் ஒரு போலிப் பாதையையும், 6 டிகிரியை ஒட்டிக் குறி தலைகீழான பகுதியையும் சேர்த்தே உண்டாக்குகிறது. 2013 மே 31 அன்று எயிண்ட்ஹோவனில் ஒரு போயிங் 737-800 பாதைக்கு மிக மேலிருந்து இறங்கி வந்தபோது ஆட்டோபைலட் போலி சமிக்ஞையைப் பிடித்து மூக்கைச் சட்டென உயர்த்தியது. கோணத்தை வெறுமனே பெருக்கி ஓரத்தில் வெட்டிவிடும் மாதிரியில் இது நிகழாது. மேலிருந்து எவ்வளவு செங்குத்தாக வந்தாலும் முள் பணிவாகக் கீழே நிற்கும். அதனால்தான் சிமுலேட்டரில் மட்டும் பழகியவர்களுக்கு மேலிருந்து பாதையைப் பிடிப்பது ஆபத்தில்லாத வேலையாகத் தெரிகிறது.

தானியங்கித் தரையிறக்கம் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. முனையில் 12 அடிக்கு முழு விலகல் காட்டும் முள்ளை அங்கிருந்து பின்தொடர்வதில் பொருளில்லை. சுமார் 50 அடியில் கிளைட்ஸ்லோப்பைத் துண்டித்துவிட்டு, ரேடியோ உயரத்தை வைத்து ஃபிளேரை (தரை தொடுமுன் மூக்கை உயர்த்துவதை) தொடங்குங்கள். லோக்கலைசரை மட்டும் ஓடுபாதையில் உருண்டு நிற்கும்வரை வைத்துக்கொள்ளலாம்.